சட்டம் தெளிவோம்: கூலி கொடுத்தால் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும்

தொழிலாளர் சட்டம் என்றால் அது மில்லுக்கும் கம்பெனிக்கும்தான், நாலு ஏக்கர் வைத்திருப்பவனுக்கு அதில் என்ன வேலை என்று நினைக்கும் விவசாயிகள் அதிகம். ஆனால், 1948-ம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலேயே விவசாய வேலை தனி அட்டவணையாக இருந்தது. நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் வைக்கிற எவரும் சட்டத்தின் கண்ணில் 'வேலை அளிப்பவர்'தான். இது புதிது அல்ல. பலருக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய நேரம் வந்திருக்கிறது. மத்திய அரசு 29 பழைய தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்து, நான்கு சட்டத் தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்துவிட்டது. ஊதியம் பற்றியது ஒன்று (2019). தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு பற்றியவை மற்ற மூன்று (2020). விவசாயிகளைப் பொறுத்தவரை முக்கியமானவை ஊதியத் தொகுப்பும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும்தான். எண்ணெய்ச் செக்கு, அரிசி ஆலை, கயிறு ஆலை, உற்பத்தியாளர் நிறுவனம் என்று நடத்துகிறவர்களுக்குப் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பும் சேர்ந்து வரும்.

இந்தச் சட்டங்கள் பற்றிச் சிறு விவசாயிகளுக்கு எழும் கேள்விகளும் அவற்றுக்கான விளக்கங்களும் இங்கே.

"எனக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. நிரந்தரமாக வருவது மூன்று பேர். நானும் பதிவேடு, சம்பளச் சீட்டு எல்லாம் வைக்க வேண்டுமா?"
(பட்டுக்கோட்டை வாசகர்)

வேண்டாம். ஊதியத் தொகுப்பின் 50-வது பிரிவு, வேலை அளிப்பவர் எல்லோரும் ஆட்கள் விவரம், வருகை, ஊதியம் ஆகியவற்றுக்குப் பதிவேடு வைக்க வேண்டும், அறிவிப்புப் பலகை மாட்ட வேண்டும், சம்பளச் சீட்டு தர வேண்டும் என்கிறது. அதே பிரிவில், விவசாயத்துக்கு ஐந்து பேருக்கு மேல் வேலைக்கு வைக்காதவருக்கு இதிலிருந்து விலக்கும் இருக்கிறது. நீங்கள் அந்த விலக்கில் வருகிறீர்கள்.

ஆனால், பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வரியையும் படிக்க வேண்டும். ஆய்வு அலுவலர் கேட்டால், கூலி கொடுத்ததற்கு நியாயமான ஆதாரம் காட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. இன்னொரு முக்கியமான பிரிவு 59. கூலி வரவில்லை அல்லது குறைவாக வந்தது என்று தொழிலாளி மனு கொடுத்தால், கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு வேலை அளிப்பவருடையது. 'அவர்தானே புகார் சொல்கிறார், அவரே நிரூபிக்கட்டும்' என்று சொல்ல முடியாது.

மனு கொடுக்க மூன்று வருட அவகாசம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் எந்தக் கிழமையில் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? நிலுவை இருப்பது உறுதியானால், அந்தத் தொகையோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் சேர்த்துக் கொடுக்கச் சொல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு. கூலியைக் குறைத்துக் கொடுத்த குற்றத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் தனி. ஐந்து வருடத்துக்குள் அதே குற்றத்தை மறுபடியும் செய்தால், மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எனவே, பதிவேடு கட்டாயம் இல்லாவிட்டாலும் ஒரு நோட்டு கட்டாயம் தேவை. கடையில் வாங்கும் சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். தேதி, பெயர், ஊர், என்ன வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, பேசிய கூலி, முன்பணத்தில் கழித்தது, கையில் கொடுத்தது, கையெழுத்து என்று ஒன்பது பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கி, பக்கத்தில் இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். கூகுள் பே, போன் பே மூலம் அனுப்பினால் அந்தப் பரிவர்த்தனையே ஆதாரம். ஆனால், தொழிலாளியின் சொந்தக் கணக்குக்கு அனுப்புங்கள். கணவர் எண்ணுக்கு மனைவியின் கூலியை அனுப்பினால், பிறகு அவருக்குக் கொடுத்ததாகக் காட்டுவது சிரமம்.

"எங்கள் பக்கம் நடவுக்கு மேஸ்திரியிடம் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிவிடுவோம். அவர் பதினைந்து பேரைக் கூட்டி வருவார். அந்தப் பெண்களுக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்பது என் பொறுப்பா?"
(திருவாரூர் மாவட்ட வாசகர்)

முதல் பொறுப்பு மேஸ்திரியுடையது. அவர் கொடுக்காவிட்டால், வேலை நடந்த இடத்தின் உரிமையாளர் கொடுக்க வேண்டும் என்று ஊதியத் தொகுப்பின் 43-வது பிரிவு சொல்கிறது. அதாவது, மேஸ்திரியிடம் மொத்தமாகப் பணம் கொடுத்தவர், அந்தப் பணம் ஆட்களைச் சேரவில்லை என்றால் இரண்டாவது முறையும் கொடுக்க நேரலாம்.

இதைத் தவிர்க்க வழி எளிது. நடவு முடிந்ததும் வரப்பிலேயே எல்லோர் முன்னிலையிலும் பணத்தைப் பிரித்துக் கொடுக்கச் செய்து, ஒவ்வொருவர் கையெழுத்தையும் நோட்டில் வாங்குங்கள். மேஸ்திரியின் பங்கைத் தனியாக எழுதுங்கள். ஐந்து பேருக்கான விலக்கை நம்பிப் பதினைந்து பேர் வரும் நாளில் கணக்கில்லாமல் இருப்பது ஆபத்து. அன்றைய பக்கத்தில் பெயர், நேரம், கூலி மூன்றும் இருந்தால், பதிவேட்டில் இருக்க வேண்டிய முக்கியமான விவரங்கள் வந்துவிடும்.

கூலி கொடுக்க வேண்டிய கெடுவும் சட்டத்தில் இருக்கிறது. தினக்கூலி என்றால் அன்றைய வேலை முடிந்ததும். வாரக்கூலி என்றால் வாரத்தின் கடைசி வேலை நாளில். மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள். 'நெல் போட்டுப் பணம் வந்ததும் தருகிறேன்' என்பது இருவரும் மனமொத்துப் பேசியதாக இருந்தாலும் சட்டத்தில் நிற்காது.

"ஒரே வரிசையில் நின்று மிளகாய் பறிக்கிறார்கள். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்றுதான் எங்கள் ஊர் வழக்கம். நான் மட்டும் மாற்றினால் மற்றவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?"
(ஒட்டன்சத்திரம் வாசகி)

உங்கள் பக்கம்தான் சட்டம் இருக்கிறது. ஒரே வேலை அல்லது ஒரே தன்மையுள்ள வேலைக்குப் பாலினம் பார்த்துக் கூலியில் வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது ஊதியத் தொகுப்பின் 3-வது பிரிவு. 1976-ம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே இருந்த விதிதான் இது. வேலைக்கு ஆள் எடுப்பதிலும் வேறுபாடு கூடாது.

வேலையே வேறாக இருந்தால் கூலி வேறாக இருக்கலாம். வரப்பு வெட்டுவதற்கும் களை பறிப்பதற்கும் தனித்தனிக் கூலி பேசுவது தவறு அல்ல. ஆனால், களை பறிக்கும் ஆணுக்கும் களை பறிக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலிதான். நோட்டில் 'ஆண் கூலி, பெண் கூலி' என்று எழுதும் பழக்கத்தை விட்டு, 'களைக் கூலி, வரப்புக் கூலி, மருந்தடிப்புக் கூலி' என்று எழுத ஆரம்பித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

சமப்படுத்துகிறேன் என்று ஆண்களின் கூலியைக் குறைப்பதையும் சட்டம் தடுக்கிறது. பெண்களின் கூலியை உயர்த்துவது மட்டுமே வழி. அதோடு, மாநில அரசு விவசாய வேலைக்கு அறிவித்திருக்கும் குறைந்தபட்சக் கூலியைப் பெண்களின் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாவட்டத் தலைநகரில் இருக்கும் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் நடப்பு விகிதத்தைக் கேட்டு அறியலாம்.

"அறுவடைக்கு நெல்லாகவே கூலி அளப்பது எங்கள் பரம்பரை வழக்கம். அது செல்லுமா?"
(கும்பகோணம் வாசகர்)

கூலியை நாணயம், ரூபாய் நோட்டு, காசோலை, வங்கிக் கணக்கு, மின்னணுப் பரிமாற்றம் ஆகிய வழிகளில் தர வேண்டும் என்கிறது 15-வது பிரிவு. இந்தப் பட்டியலில் தானியம் இல்லை. கூலிக்குப் பதிலாகப் பொருளாகக் கொடுப்பதில், மொத்தக் கூலியின் 15 சதவிகித மதிப்பு வரைதான் கூலிக் கணக்கில் சேரும் என்று கூலி பற்றிய விளக்கம் சொல்கிறது. உதாரணத்துக்கு, அன்றைய கூலி 600 ரூபாய் என்றால், நெல்லாகக் கொடுத்ததில் 90 ரூபாய் மதிப்புக்கு மேல் கணக்கில் வராது.

களத்து நெல்லை நிறுத்த வேண்டியதில்லை. கூலியைப் பணமாகக் கொடுத்துவிட்டு, நெல்லை மேல்கொண்டு கொடுக்கும் வெகுமதியாக வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. நோட்டில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

"கோழிப் பண்ணையில் தங்கி வேலை செய்ய ஒரு குடும்பம் 40,000 ரூபாய் முன்பணம் வாங்கியது. நாலு மாதத்தில் ஊருக்குப் போகிறேன் என்கிறார்கள். பணத்தைக் கட்டிவிட்டுப் போ என்று நிறுத்தலாமா?"
(நாமக்கல் மாவட்ட வாசகர்)

நிறுத்தக் கூடாது. முன்பணக் கடனைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிப்போடுவது, 1976-ம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. புதிய தொகுப்புகள் வந்த பிறகும் அந்தச் சட்டம் அப்படியே நீடிக்கிறது. ஆதார் அட்டையையோ ரேஷன் அட்டையையோ வாங்கி வைத்துக்கொள்வதும், பிள்ளைகளை வேலைக்கு நிறுத்திவிட்டுப் போகச் சொல்வதும் நிலைமையை இன்னும் மோசமாக்கும். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது தனிக் குற்றம்.

முன்பணத்தைக் கூலியில் கழித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால், எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து அந்தக் கூலிக் காலத்தின் கூலியில் பாதிக்கு மேல் போகக் கூடாது. வேலையை விட்டுப் போகிறவருக்கு வர வேண்டிய கூலியை இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடித்துக் கொடுத்துவிட வேண்டும். மீதிக் கடன் சாதாரணக் கொடுக்கல் வாங்கல். அதை வசூலிக்க நீதிமன்றம் இருக்கிறது.

இனி முன்பணம் தரும்போது, தொகையையும் மாதம் எவ்வளவு கழிப்பது என்பதையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நாலு மாதக் கூலியில் கழியக்கூடிய அளவுக்கு மேல் முன்பணம் தராமல் இருப்பது நல்லது.

"எங்கள் பவர் டில்லரை ஓட்டியவர் வரப்பில் கவிழ்ந்து இறந்துவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒன்றரை லட்சம் கொடுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று பத்திரத்தில் எழுதி வாங்கினோம். இப்போது இழப்பீடு கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. பத்திரம் செல்லாதா?"
(உடுமலைப்பேட்டை வாசகர்)

செல்லாது. கசப்பான பதில்தான், ஆனால் இந்தப் பகுதியில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

வேலையின்போது நேரும் விபத்துக்கு வேலை அளிப்பவர் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 1923-ம் ஆண்டிலிருந்து இருக்கிறது. இப்போது அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் ஏழாவது அத்தியாயத்தில் இருக்கிறது. நிலம் உழுது பயிரிடுவது, கால்நடை வளர்ப்பு, டிராக்டர் போன்ற இயந்திரங்களால் செய்யும் விவசாயம், பூச்சிமருந்து தெளிப்பு, கிணறு தோண்டுதல், மோட்டார் பம்புசெட் பழுதுபார்த்தல், பனை சீவுதல், மரம் வெட்டுதல் எல்லாம் இதில் அடங்கும். ஓர் ஆள் வைத்திருந்தாலும் பொறுப்பு உண்டு.

இறப்பு நேர்ந்தால், இழப்பீட்டைக் குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுப்பதைச் சட்டம் இழப்பீடாக ஏற்பதில்லை. தொழிலாளர் துறையில் அதற்கென உள்ள அதிகாரியிடம் கட்ட வேண்டும். அவர்தான் மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்குப் பிரித்துத் தருவார். நேரடியாகக் கொடுத்ததில் மூன்று மாத ஊதியம் வரையிலான முன்தொகையை மட்டும் கழித்துக்கொள்வார்கள். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் எந்தப் பத்திரமும் செல்லாது. பழைய சட்டத்திலும் இதே நிலைதான்.

தொகை எவ்வளவு வரும்? இறப்புக்கு மாத ஊதியத்தில் பாதியை, வயதுக்கேற்ற காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கான காரணி 184.17. மாத ஊதியம் 12,000 ரூபாய் என்று கொண்டால், 6,000 × 184.17 = 11,05,020 ரூபாய். 30 வயதுக்காரருக்குக் காரணி 207.98, தொகை 12,47,880 ரூபாய். உயிர் பிழைத்து, இனி எந்த வேலையும் செய்ய முடியாத நிலை ஏற்பட்டால், பாதிக்குப் பதில் 60 சதவிகிதம். அதே 40 வயதுக்காரருக்கு 13,26,024 ரூபாய் ஆகும். சிகிச்சைச் செலவு தனி. ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்தால் 12 சதவிகித வட்டியும், காரணமில்லாத தாமதத்துக்கு அந்தத் தொகையில் 50 சதவிகிதம் வரை அபராதமும் சேரலாம்.

'அவர் குடித்திருந்தார்', 'சொன்னதைக் கேட்கவில்லை' என்ற வாதங்கள் சிறு காயங்களுக்குத்தான் உதவும். இறப்புக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் உதவாது. இன்னொரு புதிய விஷயம்: வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும், வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும், நேரமும் இடமும் வேலையோடு பொருந்தி வந்தால், வேலை நேர விபத்தாகவே கொள்ளப்படும். குட்டி யானையில் ஆட்களை நெருக்கி ஏற்றிவருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நோட்டீஸைக் கிடப்பில் போடாதீர்கள். கொடுத்த ஒன்றரை லட்சத்துக்கான ஆதாரம், கூலி விவரம், காவல் நிலையப் பதிவு ஆகியவற்றோடு வழக்கறிஞரைப் பார்த்து, குறித்த தேதியில் ஆஜராகுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாவிட்டால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

மற்றவர்கள் இப்போதே செய்ய வேண்டியது: பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி கிடைக்கிறது. டிராக்டர், பவர் டில்லர், மருந்தடிப்பு, மரம் ஏறுதல் என்று ஆபத்தான வேலைக்கு ஆள் வைப்பவர்கள் இதை எடுத்துக்கொள்வது நல்லது. பாலிசி எடுக்கும்போது என்ன வேலை, எத்தனை பேர் என்பதை உள்ளபடி எழுதுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் 2 லட்சம் ரூபாய் தரும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் (18 முதல் 70 வயது வரை) உங்கள் ஆட்களைச் சேர்த்துவிடுங்கள். அது குடும்பத்துக்கு உடனடி உதவி. ஆனால், உங்கள் இழப்பீட்டுப் பொறுப்பை அது குறைக்காது.

"எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் எண்ணெய் ஆலை இருக்கிறது. 12 பேர் வேலை செய்கிறார்கள். நாங்கள் எதை எல்லாம் செய்ய வேண்டும்?"
(சென்னிமலை வாசகர்)

உங்களுக்கு விவசாய விலக்கு கிடையாது. ஆட்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் எளிது.

எண்ணிக்கை எதுவானாலும்: குறைந்தபட்ச ஊதியம், சம ஊதியம், 7-ம் தேதிக்குள் சம்பளம், கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி, பதிவேடு, சம்பளச் சீட்டு.

10 பேரை எட்டினால்: இஎஸ்ஐ பதிவு, பணிக்கொடை, பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின் கீழ் 60 நாட்களுக்குள் பதிவு, ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம். பணிக்கொடைக்கு ஐந்து வருட வேலை தேவை என்பது பொது விதி. குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுதி நியமித்தவருக்கு ஒரு வருடமே போதும்.

20 பேரை எட்டினால்: வருங்கால வைப்பு நிதி, போனஸ். மின்சாரம் பயன்படுத்தும் ஆலை, தொழிற்சாலை என்ற வரையறைக்குள் வருவதும் இந்த எண்ணிக்கையில்தான். மின்சாரம் இல்லாத ஆலைக்கு அது 40 பேர்.

சம்பளத்தைப் பிரிப்பதிலும் மாற்றம் இருக்கிறது. ஒருவருக்கு 14,000 ரூபாய் கொடுத்து, அடிப்படை 5,000, வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி என்று 9,000 போட்டிருந்தால், படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டுகின்றன. பாதியான 7,000-க்கு மேல் உள்ள 2,000 ரூபாய் ஊதியத்தோடு சேர்க்கப்படும். இனி பணிக்கொடை போன்றவற்றுக்கு 7,000-தான் அடிப்படை. வரவு செலவுத் திட்டம் போடும்போதே இதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

படிவங்கள், இணையப் பதிவு ஆகியவை விதிகளைப் பொறுத்தவை. விவசாயத்துக்கும் இதுபோன்ற ஆலைகளுக்கும் மாநில அரசின் விதிகளே பொருந்தும். எனவே, பதிவுக்குப் போகுமுன் தொழிலாளர் துறை அலுவலகத்தில் அன்றைய நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவேடு போன்ற குறைகளுக்கு உடனே வழக்குப் போடாமல், சரிசெய்ய அவகாசம் தந்து எழுத்து மூலம் சொல்ல வேண்டும் என்று ஊதியத் தொகுப்பு கூறுகிறது. அப்படிக் கடிதம் வந்தால், கெடுவுக்குள் சரிசெய்து பதில் அனுப்பிவிடுங்கள்.

இந்த மாதமே செய்து முடிக்க

1. ஒரு நோட்டு வாங்கி, இன்றைய கூலியிலிருந்து எழுத ஆரம்பியுங்கள். பழைய நோட்டுகளை மூன்று வருடத்துக்குக் குறையாமல் பத்திரப்படுத்துங்கள்.

2. உங்கள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலியைக் கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

3. ஒரே வேலைக்கு இரண்டு கூலி இருந்தால், குறைந்ததை உயர்த்துங்கள்.

4. நிலுவையில் இருக்கும் முன்பணத்தை எல்லாம் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

5. இயந்திரமோ மருந்தோ மரமோ உள்ள வேலைக்கு ஆள் வைத்தால், இழப்பீட்டு பாலிசி பற்றி விசாரியுங்கள். கையுறையும் முகக்கவசமும் வாங்கிக் கொடுங்கள்.

6. வழக்கமாக வருகிறவர்களை இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்ய உதவுங்கள். 16 முதல் 59 வயது வரை உள்ள விவசாயக் கூலிகள் பொதுச் சேவை மையத்தில் இலவசமாகப் பதியலாம். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விவசாயத் தொழிலாளர்களுக்கும் இடம் உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

இதே நோட்டு தொழிலாளிக்கும் பயன்படும். வேலை செய்த நாட்களுக்கும் வாங்கிய கூலிக்கும் பெரும்பாலான விவசாயத் தொழிலாளர் கையில் வேறு எந்தச் சான்றும் கிடையாது. உங்கள் வீட்டிலிருந்து கூலி வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால், அவர்களும் தங்கள் பங்குக்கு ஒரு சிறு நோட்டில் நாளும் கூலியும் குறித்து வைக்கட்டும். இரண்டு நோட்டும் ஒத்துப்போனால், பெரும்பாலான தகராறு அலுவலகம்வரை போகாது.

கூலி, முன்பணம், விபத்து இழப்பீடு பற்றிய கேள்விகளை, வேலை அளிப்பவர்களும் தொழிலாளர்களும், ஊர், வேலை, ஆட்களின் எண்ணிக்கை ஆகிய விவரங்களோடு 'சட்டம் தெளிவோம்' பகுதிக்கு அனுப்பலாம்.